களவு போன ஞாபகம்

ஞாபக மறதியைப் பற்றிய ஹாஸ்யத் துணுக்குகளுக்கு நம் பத்திரிகைகளில் ஒரு நாளும் பஞ்சம் ஏற்பட்டதில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெங்கும் தேடிய புரொபஸரையும், குடையைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் தாம் மூலையில் சாய்ந்து நின்ற வக்கீலையும் நேயர்கள் நன்கு அறிவார்கள். நானும் அவற்றைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்தவன்தான். ஆனால் 2022-ஆம் வருஷத்துக்குப் பிறகு எனக்கு அந்தத் துணுக்குகளில் சிரிப்பு வருவதில்லை. காரணம் சொல்வதென்றால் என் தாயாரைப் பற்றியும், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளைப் பற்றியும், நான் செய்த ஓர் அநியாயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தின் பஞ்சாங்கமும் கணக்குப் புஸ்தகமும் என் தாயார்தான். யாருக்கு என்ன நக்ஷத்திரம், எந்தக் கல்யாணத்தில் யார் என்ன மொய் எழுதினார்கள், எந்த வருஷம் புயலில் எந்தத் தென்னை விழுந்தது என்பதெல்லாம் அவர் நாவின் நுனியில் இருக்கும். பல்லாங்குழி ஆட உட்கார்ந்தாரானால் குழியில் கிடக்கும் மஞ்சாடி விதைகளை விரலால் தொட்டு எண்ண மாட்டார். ஒரு பார்வை, அவ்வளவுதான். எங்கே எடுத்தால் எங்கே முடியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பேத்தியிடமும் இரக்கம் காட்டாமல் ஜயித்துவிடுவார். அப்புறம் அவளுக்கு ஒரு முறுக்குக் கொடுத்துச் சமாதானம் செய்வார்.

அவர் 1948-இல் பிறந்தவர். 1965-இல் மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். அந்த வீட்டுச் சமையலறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் மாட்டுக் கொட்டகையைப் பார்த்திருந்தபடியால் பெரும்பாலும் சாத்தியே கிடக்கும். சவுக்கு விறகு கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் வரட்டி, தென்னை மட்டை, மழைக் காலத்தில் ஈர விறகு. ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு அவர் குனிந்து ஊதும்போது அடுப்பு மூளுவதற்கு முன்னால் அவர் முகம் முழுவதும் புகையில் மறைந்து போவதைச் சிறு பையனாக நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்ததுண்டு. வீட்டுக்குக் காஸ் அடுப்பு வந்த பிறகும், வெந்நீர் அடுப்பு மட்டும் பல வருஷம் விறகில்தான் எரிந்தது.

என் தாயார் ஆயுளில் ஒரு பீடியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் அவர் குடித்த புகைக்குக் கணக்கில்லை. ஐம்பத்தைந்து வயதுக்குமேல் இருமல் நிலைத்தது. அறுபதுக்குமேல் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. "வயசாச்சு, தம்பி" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாங்களும் ஒப்புக்கொண்டோம். பிற்பாடு டாக்டர்கள் அதற்கு இட்ட பெயர் நாட்பட்ட சுவாசத் தடை நோய், சுருக்கமாக ஸி.ஓ.பி.டி. இந்தியாவில் 1990-இல் சுமார் 2 கோடியே 80 லக்ஷம் பேருக்கு இருந்த இந்த நோய் 2016-இல் சுமார் 5 கோடியே 50 லக்ஷம் பேருக்கு இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பீடியும் சிகரெட்டும் மட்டும் அதற்குக் காரணமல்ல. அடுப்படிப் புகைக்கும் பெரிய பங்கு உண்டு. தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு மூச்சுக்குழாய் விரிய உறிஞ்சும் மருந்து ஒன்று கொடுத்தார்கள். அது நெஞ்சுச் சமாசாரம். ஞாபகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறதி 2021-இல் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். முதலில் சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்தது. பால்காரனுக்குக் கொடுத்த பணத்தை மறுபடியும் கொடுத்தார். காலையில் என்னிடம் கேட்ட கேள்வியை மாலையில் புதிதாகக் கேட்டார். ஆச்சரியம் என்னவென்றால், 1977-ஆம் வருஷத்துப் புயலைப் பற்றிக் கேட்டால் ஓடு பறந்த திசைகூடச் சொல்வார். முந்தின தினம் வந்து போன விருந்தாளியின் பெயர் வராது. பல்லாங்குழியில் விதைகளை எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கையும் பாதியில் தவறிற்று. ஒரு நாள் பலகையை மடித்து, விதைகளைச் சுருக்குப் பையில் போட்டு, பரணில் ஏற்றச் சொல்லிவிட்டார். "கண் தெரியவில்லை" என்று காரணம் சொன்னார். கண் நன்றாகத்தான் தெரிந்தது.

விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் ஒருநாள் என்னிடம் வந்து தயங்கி நின்றார். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்தவர். தானாக வந்து பேசும் வழக்கம் இல்லாதவர்.

"பெரியம்மா ராத்திரியிலே படுக்கிறதே இல்லைங்க, ஐயா. நான் வரப்பல்லாம் தலகாணிமேலே தலகாணி வைச்சு உட்கார்ந்தபடிதான் இருக்காங்க. தலையைப் பிடிச்சுக்கிட்டு, வலிக்குதுன்றாங்க. அந்த நேரத்திலே பேச்சும் ஒரு மாதிரியா இருக்கு. என்னை அவுங்க தங்கச்சின்னு நெனைச்சுக்கிட்டுப் பேசறாங்க. பத்து மணிக்கு மேலே சரியாயிடறாங்க" என்றார்.

"வயதானவர்களுக்குத் தூக்கம் குறைவுதான்" என்று நான் பதில் சொன்னேன். பிறகு பத்திரிகையைப் பிரித்துக்கொண்டேன். இந்தப் பதிலை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு டாக்டர் கேட்டறிய வேண்டிய விஷயங்கள் அத்தனையையும் அந்த அம்மாள் மூன்றே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். கேட்கத்தான் ஆள் இல்லை.

2022-ஆம் வருஷப் பொங்கலுக்கு மறுநாள், என் தாயாரின் இரண்டு பவுன் வளையல் ஒன்றைக் காணோம். குளிக்கப் போகும்போது மேஜைமேல் கழற்றி வைத்ததாக அவர் உறுதியாகச் சொன்னார். அப்போது அறையைப் பெருக்கியவர் அந்த அம்மாள். வீடு முழுவதும் தேடினோம். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருடைய பார்வையும் ஒரே திசையில் சென்றது. போலீஸுக்குப் போகவில்லை என்பதை ஒரு பெருந்தன்மையாக நான் அப்போது எண்ணிக்கொண்டேன். "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மாதச் சம்பளத்தில் பாக்கியிருந்த நாட்களுக்குரிய பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, முந்தானையில் முடிந்து, "பெரியம்மாவை ராத்திரியிலே பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் பார்த்துக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தூக்கம்தானே இல்லை என்று, தெரிந்தவர் ஒருவர் தமக்கு எழுதிக் கொடுத்திருந்த தூக்க மாத்திரையில் பாதியைத் தாயாருக்குக் கொடுத்தோம். இரண்டு இரவு நிம்மதியாகத் தூங்கினார், நாங்களும் தூங்கினோம். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு என் மனைவி, "அத்தை, அத்தை" என்று எவ்வளவு உலுக்கியும் அவர் விழிக்கவில்லை. உதடு நாவற்பழம் தின்றவர்போல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஒரு கவசத்தை மாட்டி, யந்திரத்தின் உதவியால் மூன்று நாள் சுவாசம் கொடுத்தார்கள். நாலாம் நாள் அவர் கண் விழித்து, "காப்பி" என்றார். எங்களுக்கு உயிர் வந்தது.

அங்கே எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிய லேடி டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "இராத்திரி படுத்துத் தூங்குவார்களா? காலையில் தலைவலி உண்டா? விடியும்போது பேச்சுத் தடுமாறி, போகப் போகத் தெளிகிறதா?" என்று அவர் வரிசையாகக் கேட்டார். நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவை எல்லாவற்றுக்கும் எங்களிடம் விடை இருந்தது. ஆனால் அந்த விடைகளைக் கொடுத்தவர் எங்கள் வீட்டில் இல்லை.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். மனித தேகத்தின் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் பிராண வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அந்த வாயு குறைந்தால் முதலில் வாடும் பகுதிகளில் ஒன்று, புதிய ஞாபகங்களைப் பதிய வைக்கும் பகுதி. கடற்குதிரையைப்போல் வளைந்திருப்பதால் அதற்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். பழைய ஞாபகங்கள் வேறிடத்தில் வேரூன்றிவிட்டவை. ஆகையால்தான் 1977-ஆம் வருஷத்துப் புயல் நின்றது, நேற்றைய விருந்தாளி நிற்கவில்லை. பகலில் கண்டதையும் கேட்டதையும் மனத்தில் நிலைநிறுத்தும் வேலை பெரிதும் தூக்கத்தில்தான் நடக்கிறதாம். தூக்கமே துண்டு துண்டாகிவிட்டால் அந்த வேலையும் நின்றுவிடுகிறது.

தூக்கத்தில் இந்த நோயாளிகளுக்கு என்ன நேருகிறது என்பதுதான் எனக்கு முற்றும் புதிய செய்தி. புகையினால் கெட்ட சுவாசகோசங்கள் காற்று அடைத்த பைபோல் உப்பி, மூச்சு விடுவதற்குப் பிரதானமான உதரவிதானத் தசையைக் கீழே அழுத்தித் தட்டையாக்கிவிடுகின்றன. அதன் பலம் குறைந்து போகிறது. ஆகையால் கழுத்துத் தசைகளும் விலாவெலும்புத் தசைகளும் சேர்ந்து இழுத்து மூச்சை நடத்துகின்றன. ஆனால் கனவு காணும் உறக்கம் வரும்போது, உடம்பின் தசைகள் ஏறக்குறைய எல்லாமே தளர்ந்துவிடும். உதரவிதானம் மட்டும் வேலை செய்யும். இது எல்லோருக்கும் இயற்கை. நமக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் என் தாயாரின் நிலைமையோ, திருவாரூர்த் தேரை இழுத்துக்கொண்டிருப்பவர்களில் முக்காற் பங்குப் பேர் திடீரென்று வடத்தைக் கீழே போட்டுவிட்ட மாதிரி. கனவு உறக்கம் விடிய விடிய அதிகமாகும். ஆகவே விடியற்காலமே கெட்ட காலம். பிராண வாயு இறங்குகிறது. வெளியேற வேண்டிய கரியமில வாயு தேங்குகிறது. தலைவலியும் பிதற்றலும் அதனால்தான். மூச்சைத் தூண்டும் சக்தியைத் தூக்க மாத்திரை இன்னும் மட்டுப்படுத்திவிடும். "நீங்கள் கொடுத்தது அரை மாத்திரையானபடியால் தப்பினார்கள்" என்றார் டாக்டர்.

விரலில் மாட்டிப் பிராண வாயுவை அளக்கும் சிறு கருவியை நேயர்கள் பலர் 2020, 2021 வருஷங்களில் வாங்கியிருப்பீர்கள். ஜப்பான் தேசத்து டகுவோ அவோயாகி என்பவர் 1974-இல் வெளியிட்ட தத்துவத்தின்மேல் பிறந்த கருவி அது. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. கொரோனா தணிந்ததும் மேஜை டிராயரில் நூற்கண்டுகளோடு போட்டுவிட்டோம். வளையலைத் தேடிய அன்று அந்த டிராயரையும் கவிழ்த்துக் கொட்டினோம். கருவியை எடுத்து அப்பால் வைத்துவிட்டு வளையலைத் தேடினோம்! இப்போது டாக்டர், இராத்திரி முழுவதும் அளந்து பதிவு செய்யும் ஒரு கருவியைத் தாயாரின் விரலில் மாட்டினார். சாதாரணமாக 95-க்குமேல் இருக்க வேண்டிய அளவு, விழித்திருக்கும்போதே 87 இருந்தது. மூன்றரை மணிக்குமேல் கோடு படுகுழியில் விழுந்து, 70-ஐத் தொட்டு, ஏறி, மறுபடி விழுந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது, ஒவ்வோர் இரவும் என் தாயார் தனியே ஒரு கிணற்றில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார், நான் அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன் என்று தோன்றிற்று.

ஞாபகத்தையும் சோதித்தார்கள். ஐந்து வார்த்தைகள் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள்; இரண்டுதான் வந்தன. காய்கறிகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னதற்கு, அவர் மூன்றாவது காயிலேயே நின்று அதை எப்படிக் கூட்டு வைப்பது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். தைராய்டு, ரத்தத்தில் பி-12 சத்து முதலியவற்றையும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "முதுமை மறதியே கிடையாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மூளைக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துப் பார்க்காமல் அந்தப் பெயரைச் சூட்டவும் மாட்டேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிச் சில வாரம் கழித்தும் அளவு ஏறாததனால், வீட்டிலேயே பிராண வாயு கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. மூச்சு வாங்குகிற எல்லோருக்கும் இது உதவும் என்று நினைத்துவிடக் கூடாது. வட அமெரிக்காவில் 203 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1980-இல் வெளியிட்ட பரிசோதனையும், மறு வருஷம் பிரிட்டனில் வெளியானதும், ரத்தத்தில் வாயு மிகவும் குறைந்தவர்கள் நாளுக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் உபயோகித்தால் ஆயுள் நீடிக்கிறது என்று காட்டின. முன்னதில் சிலருக்கு இரவில் மட்டும் வாயு கொடுத்தார்கள்; மற்றவர்களுக்கு இரவும் பகலும் கொடுத்தார்கள். ஒரு வருஷம் சென்று பார்த்தபோது ஞாபகம், கவனம் முதலியவற்றிலும் பின்னவர்களே மேலாக இருந்தார்களாம். ஆனால் சுமாராகக் குறைந்தவர்களுக்கு இதனால் பயனில்லை என்று 2016-இல் இன்னொரு பெரிய பரிசோதனை சொல்லிற்று.

யந்திரம் வந்தது. அறையிலுள்ள காற்றை இழுத்து, ஜியோலைட் என்ற ஒரு வஸ்துவின் வழியாகச் செலுத்தி, நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு பிராண வாயுவை மட்டும் வெளியே விடுகிறது. அடை காக்கும் கோழியைப்போல் இரவெல்லாம் முனகுகிறது. நிமிஷத்துக்கு ஒரு லிட்டர், அதற்குமேல் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. பார்க்க வந்த என் மைத்துனர், "இரண்டு மூன்று வைத்தால் சீக்கிரம் குணமாகுமே!" என்று திருகுக்குக் கையைக் கொண்டு போனார். இத்தகைய நோயாளிகளுக்கு அளவு 88-க்கும் 92-க்கும் இடையில் நின்றால் போதும், மிஞ்சினால் கரியமில வாயு ஏறி மறுபடியும் மயக்கம் வரும் என்று சொல்லி அவரைத் தடுக்க வேண்டியதாயிற்று. மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று ஒரு வார காலம் எங்களுக்கே தூக்கமில்லை. இன்வெர்ட்டர் வாங்கினோம்; ஒரு சிலிண்டரும் வாங்கிக் கைவசம் வைத்தோம்.

தாயாருக்கோ வேறு ஒரு துக்கம். மூக்கில் குழாய் இருக்கும்போது நெருப்பின் பக்கம் போகக் கூடாது. பிராண வாயு தீயைத் தூண்டிவிடும். அறுபது வருஷம் அடுப்போடு வாழ்ந்தவரை அடுப்படிக்கு வராதே என்றால்? "விளக்குக்கூட ஏற்றக் கூடாதா?" என்று அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. டாக்டரைக் கேட்டு ஓர் ஏற்பாடு செய்தோம். மாலையில் குழாயைக் கழற்றி, யந்திரத்தை நிறுத்தி, சற்று நேரம் கழித்து அவர் கூடத்துக்கு நடந்து சென்று விளக்கேற்றிவிட்டு வருவார். அதற்குள் மூச்சு வாங்கும். ஆனாலும் அதை அவர் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் வாரத்தில் காலைத் தலைவலி போயிற்று. ஒரு மாதத்தில் படுத்துத் தூங்கத் தொடங்கினார். மூன்று தலையணை இரண்டாயிற்று. ஞாபகம் பையப் பையத் திரும்பிற்று, முழுவதும் திரும்பவில்லை. இன்றைய பால் கணக்குத் தவறாது. நாளை டாக்டரிடம் போக வேண்டும் என்பது தவறிவிடும். ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தோம். இந்த மட்டில் கிடைத்ததே எங்களுக்குப் பெரிது.

செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே, "அந்தப் பலகையை இறக்கச் சொல்லு" என்றார். பேத்தி ஆவலோடு பரணில் ஏறினாள். பலகையைத் துடைத்து வைத்து, சுருக்குப் பையை அவிழ்த்துத் தரையில் கவிழ்த்தாள். சிவந்த மஞ்சாடி விதைகளின் நடுவே 'டங்' என்று விழுந்து உருண்டது வளையல்.

யாரும் பேசவில்லை. யந்திரத்தின் முனகல் மட்டும் கேட்டது. தாயார் வளையலை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "நான்தான் வைத்திருக்கிறேன். யாரைக் கொண்டு பையை இறக்கினேனோ! எப்போது வைத்தேன் என்பது நினைவில்லையே, தம்பி" என்றார். பிறகு வெகு நேரம் சென்று, "அவளை எங்கே காணோம்? ஊருக்குப் போயிருக்கிறாளா?" என்று கேட்டார். நான் அந்த அம்மாளை நிறுத்தியது அவருக்குப் பதியவே இல்லை. எட்டு மாதமாக அவர் வருவார் என்றே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று மாலையே வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் ஓலை வேய்ந்த வீடு. காஸ் சிலிண்டர் ஒன்று மூலையில் இருந்தது. அதன்மேல் துணிகள் மடித்து வைத்திருந்தன. அது தீர்ந்து மாதக்கணக்காயிற்று, மறு சிலிண்டர் வாங்கக் கையில் பணமில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வாசலில் மூன்று கல் அடுப்பு. அவர் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். முகம் புகையில் மறைந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்தவர் இருமினார், இருமல் நிற்கச் சற்று நேரமாயிற்று. நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "வளையல் வீட்டிலேயே இருந்தது. நான் செய்தது பெரிய தப்பு, அம்மா. மன்னிக்க வேண்டும்" என்று மட்டும் எப்படியோ சொன்னேன்.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது புகையினாலா என்று எனக்குத் தெரியாது.

"அது கிடக்குது, ஐயா. பெரியம்மா இப்போ ராத்திரியிலே தூங்கறாங்களா?" என்று கேட்டார்.